பழைய தாரா, சஃபாரி ஸ்டார்மா? முதன்முதலாக டீசல் ஃபோர்வீல் வாங்குபவருக்கு

புதுத் தாரின் விலையை விசாரித்துவிட்டுப் பழைய வண்டிப் பக்கம் திரும்புகிறவர்கள் நிறைய. டீசல், நிஜமான ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது), கைக்கு அடங்கும் விலை என்று மூன்றையும் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, 2010 அக்டோபரில் வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ. இன்னொன்று, 2012 அக்டோபரில் வந்த டாடா சஃபாரி ஸ்டார்மின் ஃபோர்வீல் வேரியண்ட். இரண்டும் 2019 வாக்கில் நின்றுபோயின. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி கட்டாயமானபோது இவற்றுக்கு இடமில்லை. 2021-இல் வந்த புது சஃபாரி முன்சக்கர இழுவை வண்டி. அதில் ஃபோர்வீலே கிடையாது. விளம்பரத்தில் வெறுமனே ‘சஃபாரி’ என்று பார்த்ததும் போனைப் போட்டுவிடாதீர்கள்.

எந்த மாடல் உசத்தி என்று இரவெல்லாம் வாதாடலாம். அதனால் பயன் குறைவு. பத்து வருடம் ஓடிய வண்டியில் மாடலைவிட அந்த ஒரு வண்டி எப்படி வாழ்ந்தது என்பதுதான் பெரிது. ஆனால் எதைத் தேடப்போகிறோம் என்று தெரியாமல் பத்து ஊர் அலையவும் முடியாது. அதனால் முதலில் தேர்வு, அப்புறம் சோதனை.

யார் உட்காரப் போகிறார்கள், எங்கே போகப் போகிறது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கும் வால்பாறையின் 40 வளைவுக்கும் ஃபோர்வீல் வேண்டியதில்லை. அது நல்ல ரோடு, பஸ் போகிற ரோடு. மழைக்காலத்தில் எஸ்டேட்டுக்குள் செம்மண் ஏற்றம், ஓடையைக் கடக்கும் பாதை, தோட்டத்தில் அறுவடைக்கு டிரெய்லர் இழுப்பது, கடற்கரை மணல், இந்த மாதிரி ஏதாவது ஒன்று உங்கள் வாழ்க்கையில் வருடத்துக்குச் சில தடவையாவது உண்டா? இல்லையென்றால் இதே பணத்துக்குப் பின்சக்கர இழுவையிலேயே இன்னும் புதிய ஸ்டார்மோ ஸ்கார்பியோவோ கிடைக்கும். ஃபோர்வீல் என்பது கூடுதலாக ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), ஒரு கிரவுன் (இழுவையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி), இரண்டு ஆக்சில் ஷாஃப்ட், சில கிராஸ் (ஷாஃப்டுகளை இணைக்கும் மூட்டு). அத்தனையும் பராமரிப்புச் செலவு.

உண்டு என்றால், அடுத்த கேள்வி: வீட்டில் வேறு கார் இருக்கிறதா?

தார் சிஆர்டிஇ உண்மையில் ஒரு ஜீப். முன்னால் இரண்டு சீட், பின்னால் எதிரும் புதிருமாகப் பெஞ்சு, மேலே துணிக் கூரை. 3.92 மீட்டர் நீளம். 2.5 லிட்டர் இன்ஜின், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் டார்க். பின்பக்கம் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். ஏபிஎஸ், ஏர்பேக் எதுவும் இல்லை; கடைசி வருட வண்டிகளில்தான் ஏபிஎஸ் வந்தது. மழை பெய்தால் எங்காவது ஒழுகும். பின் பெஞ்சில் வயதான அம்மாவை உட்காரவைத்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

ஸ்டார்ம் நேர் எதிர். 4.65 மீட்டர் நீளம், சுமார் இரண்டு டன் எடை, ஏழு பேர் உட்காரலாம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்னால் காயில் ஸ்பிரிங், மேல் வேரியண்டுகளில் ஏபிஎஸ். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் உடம்பு வலிக்காது. 2.2 லிட்டர் வேரிகார் இன்ஜின் ஆரம்பத்தில் 140 குதிரைத்திறனுடன் வந்தது. 2015 இறுதியில் வந்த ‘வேரிகார் 400’ வண்டியில் அது 156 ஆகி, டார்க் 400 நியூட்டன் மீட்டருக்கு ஏறி, ஆறு கியரும் சேர்ந்தது. இந்திய ராணுவம் 2017-இல் மூவாயிரத்துக்கும் மேல் ஸ்டார்ம் ஆர்டர் செய்தது நினைவிருக்கலாம். குறை அதன் உடம்புதான். எஸ்டேட் பாதையில் எதிரே வண்டி வந்தால் அரை பர்லாங் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்னும் பின்னும் இடிக்கும். தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் 200 மில்லிமீட்டர் என்றுதான் கம்பெனி சொன்னது. ஆனால் தாரின் குட்டை மூக்கு ஏறுகிற மேட்டில் ஸ்டார்மின் பம்பர் முட்டும்.

என் தீர்ப்பு இதுதான்: வீட்டுக்கு இருக்கும் ஒரே வண்டி இதுவென்றால் ஸ்டார்ம். ஏற்கெனவே கார் இருக்கிறது, இது தோட்டத்துக்கும் காட்டுப் பாதைக்கும் என்றால் தார். இரண்டு கணக்கையும் தாரிலேயே முடித்துவிடலாம் என்று வாங்கிய பலர் ஆறு மாதத்தில் வீட்டாரின் முணுமுணுப்பு தாங்காமல் விற்ற வண்டிகள் சந்தையில் உண்டு. அவை வாங்குகிறவருக்கு நல்ல வண்டிகள்!

ஸ்பேர் விஷயத்தில் தாருக்குக் கொஞ்சம் சாதகம். பொலேரோ ஓடாத ஊர் கிடையாது. மஹிந்திரா வண்டியில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் எந்த மலையூரிலும் இருப்பார். ஸ்டார்முக்கு இன்ஜின் சாமான் கிடைத்துவிடும். ஆனால் ஃபோர்வீல் சம்பந்தப்பட்ட பாகங்களுக்குக் கோயம்புத்தூர், சென்னை என்று போன் போட வேண்டிவரலாம். அதுவரை வண்டி நிற்கும். மைலேஜில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். மலையில் இரண்டும் குடிக்கும்.

ஃபோர்வீல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் படிக்காமல் வண்டி பார்க்கப் போகாதீர்கள். இரண்டுமே பார்ட் டைம் ஃபோர்வீல். சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் (2ஹெச்). நாம் போட்டால் முன்சக்கரமும் சேரும் (4ஹெச்; மெதுவாக, கூடுதல் பலத்தோடு இழுக்க 4எல்). முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கொஞ்சம் அதிக தூரம் உருள வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்க வழியில்லை. முறுக்கம் முழுக்க ஷாஃப்டிலும் கிராஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். அதனால் காய்ந்த ரோட்டில் ஃபோர்வீல் போட்டு ஓட்டக் கூடாது. ‘ஹைவேயில கிரிப்புக்காக எப்பவும் 4ஹெச்-லதான் சார் ஓட்டுவேன்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் அதே அளவு ஆபத்து. ‘ஒரு தடவைகூட ஃபோர்வீல் போட்டதில்லை’ என்பதும் நல்ல செய்தி அல்ல. வருடக்கணக்கில் அசையாத பாகம் இறுகிவிடும். மாதம் ஒருமுறை மண் ரோட்டில் சில நிமிடம் போட்டு எடுத்த வண்டிதான் நமக்கு வேண்டும்.

தாரில் தரையில் தனி லீவர். கையால் இழுத்துப் போட வேண்டும். கெட்டுப்போக அதில் மின்சாரம் இல்லை. முன்சக்கரத்தை ஆக்சிலோடு தானாகப் பிணைக்கும் ஆட்டோ ஹப்தான் பலவீனம். அது சரியாகப் பிடிக்காமல் போனால் லீவர் 4ஹெச்-இல் இருக்கும், முன்சக்கரம் சும்மா உருளும். காட்டுப் பாதை ஓட்டுகிறவர்கள் பலர் இதைக் கழற்றிவிட்டுக் கையால் திருகிப் பூட்டும் ஹப் மாட்டிக்கொள்வார்கள். அப்படி மாட்டிய வண்டி கிடைத்தால் அதை நான் குறையாக எடுக்க மாட்டேன். 2015-இல் முகம் மாறி வந்த தாரில் பின் கிரவுனில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் உண்டு. ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழல ஆரம்பித்ததும் ‘டக்’ என்று பூட்டி மற்றதையும் இழுக்கவைக்கும். பணம் இடம்கொடுத்தால் அந்த வருடத்துக்குப் பிந்தைய தார்தான் என் விருப்பம். ஃபோர்வீலையும் தாண்டி வண்டியை வெளியே கொண்டுவருவது அந்த லாக்கர்தான்.

ஸ்டார்மில் திருகு பொத்தான். ஒரு சின்ன மோட்டார் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியரை நகர்த்தும். 4ஹெச் ஓட்டத்திலேயே விழும். 4எல்-க்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளட்சை அமுக்கித் திருப்ப வேண்டும். மீட்டரில் விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தால் கியர் விழவில்லை என்று அர்த்தம். மோட்டாரோ, வயரிங்கோ, அதன் மாட்யூலோ போயிருக்கலாம்.

வண்டியைப் பார்க்குமுன் காகிதம்

வண்டி எண்ணை வாங்கி, எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், வண்டி மேல் லோன் பதிவாகியிருக்கிறதா எல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

பதிவுத் தேதி முக்கியம். தனியார் வண்டிக்கு ஆர்சி 15 வருடம்; அதன்பின் தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. 2011 தாருக்கு அந்தச் செலவு வாசலுக்கே வந்துவிட்டது. 2016 ஸ்டார்முக்கு இன்னும் சில வருடம் மூச்சு விடலாம். இதையும் விலையில் பேசுங்கள்.

டெல்லி பதிவு வண்டி மலிவாக வரும். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு நீதிமன்ற, பசுமைத் தீர்ப்பாய உத்தரவுகளால் நெருக்கடி வந்தது. அதனால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். இங்கே கொண்டுவர அந்த ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று வேண்டும், பிறகு தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டி எண் மாற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் பாருங்கள். முதல்முறை வாங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது டிஎன் எண், இரண்டாவது ஓனருக்குள்.

தாருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கம்பெனியிலிருந்து வந்த கோலத்தில் இருக்கும் தாரைக் காண்பது அரிது. இரும்புக் கூரை, பெரிய டயர், முன்னால் கம்பி கட்டிய பம்பர் (புல் பார்) என்று ஆளாளுக்கு மாற்றியிருப்பார்கள். ஆர்சியில் இல்லாத மாற்றம் சட்டப்படி செல்லாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. புல் பார் கூடாதென்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அறிவித்தது. தகுதிச் சோதனையிலும் விபத்துக் காப்பீட்டிலும் இந்த மாற்றங்கள் குறுக்கே வரும். பழைய துணிக் கூரை, ஒரிஜினல் பம்பர், 235/70 ஆர்16 டயர் பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

வண்டிக்குக் கீழே

காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஏற்கெனவே ஒருமுறை ஓட்டியிருக்கிறார்கள்.

பெயிண்டைக் கடைசியில் பார்க்கலாம். ஒரு டார்ச், பழைய சாக்கு, சுத்தி எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். முதலில், முன் கிரவுனும் முன்னுக்குப் போகும் ஷாஃப்டும் நிஜமாகவே இருக்கின்றனவா? சிரிக்க வேண்டாம், பின்சக்கர இழுவை ஸ்டார்மில் 4×4 ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து சேஸ். இரண்டு வண்டியும் ஏணி மாதிரியான சேஸ் மேல் பாடி உட்கார்ந்தவை. சேஸ் போனால் எல்லாம் போச்சு. பட்டை மாட்டும் கொக்கிகள், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் அல்லது ராக் பிடிக்கும் இடம், இங்கெல்லாம் புது வெல்டிங் கோடு இருக்கிறதா பாருங்கள். சேஸ் மீது புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சுத்தியால் லேசாகத் தட்டினால் நல்ல இரும்பு ‘கிண்’ என்னும், துருப்பிடித்தது ‘தொப்’ என்னும். சேஸ் நம்பரை ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

தாரில் துருதான் முதல் எதிரி. தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள், கதவின் அடி விளிம்பு, பின்கதவு, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி எல்லாம் பாருங்கள். கடலோரத்தில் இருந்த வண்டியென்றால் இரண்டு மடங்கு நேரம் எடுங்கள். முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி உண்டு. அதை முறுக்கி வண்டியை உயர்த்திக்காட்டுவது சுலபம், செலவில்லாதது. ஆனால் அப்படிச் செய்தால் ஆக்சில் ஷாஃப்ட் சாய்ந்த கோணத்திலேயே சுழன்று, ரப்பர் பூட் கிழிந்து, ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். முன்பக்கம் தலைதூக்கி நிற்கும் தார் கம்பீரமாகத் தெரிந்தாலும், கீழே அந்தப் பூட்களைப் பாருங்கள். சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால் புரிந்துவிடும்.

ஸ்டார்மில் முன் சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவை கவனிக்க வேண்டியவை. எடையான வண்டி, இவை தேயும். இரும்புக் கம்பியால் நெம்பினால் ஆட்டம் தெரியும். சென்னை வண்டியென்றால் வெள்ளத்தையும் யோசியுங்கள்; 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நிறைய வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடியில் மண் கறை இருக்கும். சீட்டுக்கடியில் உள்ள கம்பிகளின் துருவும் பொய் சொல்லாது.

இப்போது எல்லாரும் விட்டுவிடும் சோதனை. முன், பின் கிரவுன்களில் ஆயில் ஊற்றும் நட்டை உரிமையாளர் அனுமதியோடு ஒரு மெக்கானிக்கைக் கொண்டு கழற்றச் சொல்லி, உள்ளே விரலை விட்டு எடுங்கள். ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் சரி, மாற்றிக்கொள்ளலாம். பால் விட்ட காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கும்போது சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து, காற்றோடு தண்ணீரையும் சீல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஆயிலோடு பல மாதம் ஓடிய பேரிங்கும் பல்லும் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டார்ட் செய்து, ஓட்டி

இரண்டும் காமன் ரயில் டீசல், அதாவது உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இன்ஜின். குளிர்ந்த இன்ஜின் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் லேசான புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. தொடர்ந்து வெள்ளைப் புகையென்றால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ சந்தேகிக்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கறும்புகை கக்கினால் இன்ஜெக்டர், டர்போ குழாய்க் கசிவு, அடைத்துப்போன இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) என்று மூன்றில் ஒன்று. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, அதே வாய்மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக ஆடலாம். குக்கர் போல ஆவி தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அந்த வண்டி வேண்டாம்.

ஏற்றமான இடத்தில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் காலை எடுத்துக் கேளுங்கள்; அழுத்தும்போதோ விடும்போதோ ‘ஊ’ என்று ஓலமிட்டால் கிரவுன். கியர் மாற்றும்போது அடியில் ‘டொக்’ என்று அடித்தால் கிராஸ், அது சின்னச் செலவு.

அப்புறம் ஒரு மண் மைதானத்துக்குப் போங்கள். 4ஹெச் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெல்ல வட்டமடியுங்கள். முன்சக்கரம் நிஜமாக இழுத்தால் வண்டி முறுக்கிக்கொண்டு திணறுவது தெரியும், ஸ்டியரிங்கில் ஒரு இழுப்பு இருக்கும். 2ஹெச்-இல் சுற்றியதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லையென்றால், விளக்கு எரிந்தாலும் ஃபோர்வீல் வேலை செய்யவில்லை. பிறகு 4எல். முதல் கியரில் கிளட்சை விட்டால் ஆக்சிலரேட்டர் இல்லாமலே ஆமை வேகத்தில் மேடேற வேண்டும். திரும்ப 2ஹெச்-க்கு மாற்றி, ஆட்டோ ஹப் உள்ள தாரென்றால் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், ஹப் விடுபடும். மாட்டுவது போலவே கழல்வதும் சோதனைதான்.

விலையும் கைமாற்றமும்

கண்ட குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் மெக்கானிக்கிடம் மதிப்புக் கேட்டு, அந்தத் தாளோடு பேசுங்கள். டயர், பேட்டரி, புஷ், கிராஸ், கிளட்ச் எல்லாம் பணத்தால் சரியாகும், விலையில் கழித்துக்கொள்ளலாம். சேஸ் வெல்டிங், பாடியைத் தின்ற துரு, வெள்ளம், ரிங் தேய்ந்த இன்ஜின், இவற்றுக்கு எந்தத் தள்ளுபடியும் போதாது. நல்ல ஸ்டார்மும் சுமாரான தாரும் ஒரே வாரத்தில் கையில் வந்தால், தார்தான் வேண்டுமென்று மனம் அடித்துக்கொண்டாலும் ஸ்டார்மை எடுங்கள். அல்லது பொறுங்கள். அவசரப்படுகிறவர்களைப் புரோக்கர்கள் போனிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணம் முழுவதும் கொடுக்குமுன் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து, லோன் இருந்தால் அது தீர்ந்ததற்கு வங்கியின் படிவம் 35, அசல் ஆர்சி ஆகியவை கையில் இருக்க வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். பிரீமியம் கூடும் என்று தயாராக இருங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன் என ஐந்து இடத்து ஆயிலையும், டீசல் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ‘போன மாசம்தான் மாத்தினேன்’ என்று விற்றவர் சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். கிரவுன்களின் காற்றுக் குழாயை மேலே இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டிவிடச் சொல்லுங்கள். ஒரு ரப்பர் குழாயின் செலவுதான், ஓடைத் தண்ணீர் உள்ளே போகாது. இழுவைக் கயிறும் அதை வண்டியில் மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிள் இரண்டும் வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். ஃபோர்வீல் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட ஆழமான இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.